நடுவில் உட்கார்பவருக்கு நினைவு வேண்டும்

ஈப்போவில் ஓர் அரசு அலுவலகத்தின் சிறிய அறை. நீள மேசை, சுற்றி ஆறு நாற்காலி, சுவரில் மாமன்னர் படம். தலைப்பக்கம் அதிகாரி. ஒரு பக்கம் கம்பெனியின் மனிதவள மேலாளர், மடிக்கணினியோடு. எதிரே என் பெரியம்மா. மொழிபெயர்க்க அனுமதி கேட்டு அவர் பக்கத்தில் நான்.

பெரியம்மா 27 வருஷம் பால்மரம் வெட்டியவர். ஒட்டுப்பால் கறை நகக்கண்ணில் ஏறிப்போய், எத்தனை தேய்த்தும் போகாத கை. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். சட்டப்படி வர வேண்டிய பணத்துக்கு மேல் ஒரு தொகை தருகிறோம், மூன்று மாதத்தில் லயத்து வீட்டைக் காலி செய்யுங்கள் என்பது கம்பெனியின் பேச்சு. அதிகாரி நல்ல மனிதர். அவசரப்படுத்தவில்லை, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பெரியம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதிகாரியிடம் கேட்டார்: “பக்கத்துத் தோட்டத்த மூடினப்போ அவங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க ஐயா?”

நான் மலாயில் சொன்னேன். அதிகாரி வருத்தத்தோடு தலையாட்டி, “சூலிட்” என்றார். ரகசியம். மேலாளர் மடிக்கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு அந்தத் தொகை தெரியும். பக்கத்துத் தோட்டத்துப் பேச்சிலும் கம்பெனிக்காக உட்கார்ந்தவர் அவர்தான்.

அந்த அறையில் யாரும் சட்டத்தை மீறவில்லை. யாரும் குரல் உயர்த்தவும் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று சரியில்லை என்ற உறுத்தலோடுதான் வெளியே வந்தேன்.

சட்டம் படித்து, மத்தியஸ்தத்திலும் பிணக்குத் தீர்விலும் ஆராய்ச்சி செய்து, அதையே பல்கலைக்கழகத்தில் கற்பித்து வாழலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டத்துப் பேரப்பிள்ளைகள். இது ஒரு வாழ்நாளைக் கொடுக்கத் தகுந்த துறைதானா என்று அவர்கள் கேட்டால், அந்த அறையை முன்னால் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் இந்தத் துறையை மூன்று கேள்விகளால் எடைபோடலாம். இல்லாதவருக்கு இது எட்டுகிறதா? வலியவரும் எளியவரும் எதிரெதிரே உட்காரும்போது எளியவருக்கு நியாயம் கிடைக்க வழி செய்கிறதா? ஒருவர் பெற்ற நியாயம் அடுத்தவருக்குக் கைகொடுக்கிறதா?

தலைக்காசு வாங்கிய நடுவர்

நடுவில் நிற்கும் ஆள் தோட்டத்துக்குப் புதிதல்ல. ஊரில் ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கங்காணிதான் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்ற முதல் ஆள். கூலியில் குறை என்றாலும் அவரிடம்தான் போக வேண்டும், புருஷன் பெண்டாட்டி சண்டை என்றாலும் அவர்தான் தீர்த்துவைக்க வேண்டும். ஊர் தெரிந்தவர், சாதிசனம் தெரிந்தவர், துரையிடம் வாய் திறந்து பேசத் தெரிந்தவர். இன்றைய பாடப்புத்தகம் ஒரு மத்தியஸ்தரிடம் எதிர்பார்க்கும் திறமைகளில் பல அவரிடம் இருந்தன.

ஆனால் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது தோட்டம். தன் ஆள் ஒருவர் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்கு இத்தனை காசு என்று கணக்கு. ஆள் வேலைக்குப் போகாத நாளில் அவருக்கும் காசு இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு வேலைநிறுத்தத்தில் எந்தப் பக்கம் சாய்வார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்ததோடு கங்காணி முறை முடிவுக்கு வந்தது. அது கற்பித்த பாடம் மட்டும் இன்றும் செல்லும்: நடுவில் உட்கார்பவர் நல்லவரா என்று பார்ப்பதற்கு முன்னால், அவர் சோறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு தரப்பும் நம்பும் ஒரு நடு இடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பேராக் கண்டது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கூலிப் பிணக்குகள் புகைந்துகொண்டே இருந்தன. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆயுதப் போராட்டம் அதன் முதல் காரணம். ஆனால் அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் பன்னிரண்டு ஆண்டு நீடித்தது. தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். கூலி கேட்டுப் பேசுவதே ஆபத்தான காரியமாக மாறியது. பேச்சுக்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்று சொல்லும் ஒரு துறையை, இந்த மண்ணில் இருந்துகொண்டு லேசாக ஒதுக்கிவிட முடியாது.

எழுதி வைத்த ஒப்பந்தம்

1954இல் பல சங்கங்கள் சேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பொதுச்செயலாளராக நெடுங்காலம் இருந்தவர் பி.பி. நாராயணன். எதிர்த்தரப்பில் தோட்ட முதலாளிகளின் அமைப்பான மாபா. இந்த இரண்டு தரப்பும் மேசையில் உட்கார்ந்து பேசிக் கூட்டு ஒப்பந்தங்கள் செய்தன.

1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் அந்த ஒப்பந்தங்களுக்கு ஓர் உருவம் கொடுத்தது. எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஒரு படியைத் தொழில் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டபின், ஒப்பந்தம் செய்த நாளில் வேலையில் இருந்தவரை மட்டுமல்ல, பின்னால் வேலைக்குச் சேர்பவரையும் அது காக்கும். சித்தியவானில் வெட்டுகிறவர் என்ன வாங்குகிறார் என்று சுங்கை சிப்புட்டில் வெட்டுகிறவருக்குத் தெரிந்தது. எடுத்துக் காட்ட ஒரு தாள் இருந்தது.

அந்தச் சங்கம் வாங்கித் தந்தது போதவில்லை என்ற குறை நியாயமானதுதான். தீபகற்ப மலேசியாவில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் என்று ஒன்று, 900 வெள்ளியாக, நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதுவரை மழை பெய்தால் கூலி இல்லை, பால் விலை விழுந்தால் கூலியும் விழும் என்று வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. இருந்தாலும் திறனாய்வு என்று வரும்போது ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டு ஒப்பந்தங்களும் பேசித் தீர்த்த சமரசங்களே. வழக்காடி வென்ற தீர்ப்புகள் அல்ல. ஆனால் அவற்றுக்கு நினைவு இருந்தது. ஆகவே பேசித் தீர்ப்பது எளியவருக்கு எப்போதும் கேடு என்று யாராவது சொன்னால், அது நம் வரலாற்றுக்கே பொருந்தாது.

தனி ஆளாக வந்து நிற்கும் காலம்

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. மிச்சமிருந்த தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். லயங்களிலிருந்து வெளியேறியவர்கள் புந்தோங்கிலும் ஈப்போவைச் சுற்றியுள்ள மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறினார்கள். சங்கத்தின் பேரால் பேசிய காலம் போய், ஒவ்வொருவரும் தனி ஆளாகத் தன் பிணக்கைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போகும் காலம் வந்தது.

இந்தத் தனி ஆளுக்குச் சட்டம் என்ன வைத்திருக்கிறது? ஆட்குறைப்புப் பணத்துக்கு 1980ஆம் ஆண்டின் விதிமுறைகள் உண்டு. இரண்டு வருஷத்துக்கும் குறைவான வேலைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் கூலி, இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால் பதினைந்து நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். பெரியம்மாவின் 27 வருஷத்துக்கு 540 நாள் கூலி. ஒன்றரை வருஷச் சம்பளம்கூட முழுதாக வராது. அந்தக் கணக்கில் வீடு இல்லை. பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற வீடு, வேலையோடு ஒட்டிக்கொண்ட வீடு, வேலை போனால் தானும் போய்விடும்.

வேலையிலிருந்து நியாயமில்லாமல் நீக்கப்பட்டவர் அறுபது நாளுக்குள் தொழில் உறவு இலாகாவுக்குப் போகலாம் என்கிறது அதே தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அங்கே நடப்பது இணக்கப் பேச்சு. அது முறிந்தால் முன்பெல்லாம் வழக்கைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அமைச்சரின் விருப்பம். ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினர் மு. குலசேகரன் மனிதவள அமைச்சராக இருந்தபோது, 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இதை மாற்றியது. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து, இணக்கம் வராத வழக்கைத் தலைமை இயக்குநரே நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட வேண்டும். சிறிய மாற்றம் போலத் தெரியும். ஆனால் பேச்சு மேசையில் உட்காரும் தொழிலாளிக்கு, “ஒத்துவராவிட்டால் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லும் தெம்பு அப்போதுதான் வந்தது.

மத்தியஸ்தத்தின் பக்கம்

இந்தத் துறைக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். வழக்கு என்றால் வக்கீல் செலவு, ஈப்போவுக்கும் வீட்டுக்குமாய் அலைச்சல், ஒருநாள் கூலி நட்டம், ஆண்டுக்கணக்கான காத்திருப்பு. மத்தியஸ்தம் ஒரே நாளில் முடியலாம். தெரிந்த மொழியில் பேசலாம். தீர்ப்பில் வராத ஒன்று, ஒரு மன்னிப்போ, நற்சான்றுக் கடிதமோ, தீபாவளி முடியும்வரை வீட்டில் இருந்துகொள்ள ஓர் அனுமதியோ, மேசையில் கிடைத்துவிடலாம்.

மலேசிய வழக்கறிஞர் மன்றம் 1999இல் ஒரு மத்தியஸ்த மையத்தைத் தொடங்கியது. 2010இல் வந்த ஒரு நடைமுறை உத்தரவு, நீதிமன்ற வழக்குகளையும் மத்தியஸ்தத்துக்குத் திருப்ப வழி செய்தது. 2012இல் மத்தியஸ்தச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் வந்த ருக்குன் தெத்தாங்கா சட்டம், அக்கம்பக்கத்துப் பிணக்குகளைத் தீர்த்துவைக்கும் வேலையைக் குடியிருப்புக் குழுக்களிடம் ஒப்படைத்தது. அதன் தேவையை உணர்த்திய நாள்கள் 2001 மார்ச்சில் சிலாங்கூரின் கம்போங் மேடானில் வந்துபோயிருந்தன. ஒரு கல்யாண வீட்டுக்கும் ஒரு சாவு வீட்டுக்கும் இடையே தொடங்கிய தகராறு இனக்கலவரமாகி ஆறு உயிரைக் குடித்தது. பெரும்பாலும் இந்தியர்கள். தோட்டத்திலிருந்து பெயர்ந்து நெருக்கடியான புறம்போக்கில் வாழ்ந்த மக்கள் அங்கே நிறைய இருந்தார்கள். முதல் நாளே இரண்டு வீட்டுக்கும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்றிருந்தால் என்ற ஏக்கம் யாருக்குத்தான் வராது?

தமிழுலகில் மற்ற இடங்களிலும் இதற்கு நல்ல சாட்சிகள் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கிய மத்தியஸ்த மையம், இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்து எழுந்த இத்தகைய மையங்களுக்கு முன்னோடி. அதை உருவாக்க உழைத்தவர்களில் ஸ்ரீராம் பஞ்சு முக்கியமானவர். இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் சிறு கடன், வேலித் தகராறு போன்றவற்றைக் கிராமத்திலேயே தீர்க்கின்றன. சண்டைக்குப் பிறகும் ஒரே கிணற்றில் நீர் மொண்டு, ஒரே கோயிலில் கும்பிட்டு வாழ வேண்டியவர்களுக்கு, வென்றவர் தோற்றவர் என்று பிரிக்கும் தீர்ப்பைவிட இது நல்லது.

ஆகவே எட்டுகிறதா என்ற முதல் கேள்விக்கு விடை தெளிவு. எட்டுகிறது, நீதிமன்றத்தைவிட நன்றாகவே எட்டுகிறது.

சமரசத்துக்கு அப்பாற்பட்டவை

இரண்டாவது கேள்விதான் கடினம். அதற்கு ஈப்போவே ஒரு பெரிய பாடம் கொடுத்திருக்கிறது.

2009இல் ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கணவர் இஸ்லாத்துக்கு மாறி, மனைவிக்குத் தெரியாமல் மூன்று குழந்தைகளையும் மதம் மாற்றினார். ஒரு வயதும் நிறையாத கடைசிக் குழந்தையைக் கையோடு கொண்டுபோனார். 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த லீ சுவீ செங் அந்த மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தார். 2015இன் கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, பெற்றோரில் ஒருவரின் சம்மதத்தை மட்டும் கொண்டு குழந்தையை மதம் மாற்றியது செல்லாது என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜைனுன் அலி.

இதை ஒரு மத்தியஸ்தர் முன் கொண்டுபோயிருந்தால்? ஒரு குழந்தை உனக்கு, இரண்டு குழந்தை எனக்கு என்று பேரம் நடந்திருக்கலாம். தாய்க்கு மகனையோ மகளையோ பார்க்கும் நேரம் கிடைத்திருக்கலாம். ஆனால் தாய்க்கும் உரிமை உண்டு என்ற விதி பிறந்திருக்காது. அந்த விதி இன்று இந்திராவுக்கு மட்டும் சொந்தமல்ல. அவரைப் பார்த்தே இராத தாய்களுக்கும் தகப்பன்களுக்கும் சொந்தம். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓவன் பிஸ் 1984இல் சமரசத்துக்கு எதிராக எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: நீதிமன்றத்தின் வேலை சண்டையை ஓயவைப்பது மட்டுமல்ல, பொது மதிப்புகளுக்கு உருவம் கொடுப்பதும்தான். நம் மத்தியஸ்தச் சட்டமும் இந்த எல்லையை அறியும். அரசமைப்புச் சட்டம் பற்றிய கேள்விகளையும், அரசின் முடிவுகளை நீதிமன்றம் சீராய்வு செய்யும் வழக்குகளையும் அது தன் அட்டவணையிலேயே விலக்கி வைத்திருக்கிறது.

சமரசம் மேசையில் உட்காராதவர்களையும் கட்டிப்போடப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீபீல்டு சாட்சி. சிலாங்கூரில் பழைய சீபீல்டு ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில், தோட்டம் சுபாங் ஜெயா நகரமான பிறகும் அதே இடத்தில் நின்றது. கோயிலை இடம் மாற்றுவதாக 2014இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் சம்மதத் தீர்ப்பு ஒன்று பதிவானது. நில உரிமையாளரும் மாநில அரசும் கோயில் தரப்பினரும் ஒத்துக்கொண்டார்கள். சாமி கும்பிட்ட ஜனங்கள் அந்த மேசையில் இல்லை. 2018 நவம்பரில் கோயில் வாசலில் கலவரம் வெடித்தது. காயமடைந்த தீயணைப்பு வீரர் ஒருவர் டிசம்பரில் உயிரிழந்தார். கையெழுத்துகள் அத்தனையும் சரியாக இருந்தும் அந்த ஒப்பந்தம் நிற்கவில்லை. யாரை அழைக்க வேண்டும் என்ற முதல் கேள்வியிலேயே பிசகிவிட்டது.

நினைவு ஒரு பக்கம்

மூன்றாவது கேள்வி பெரியம்மா கேட்ட கேள்வி.

அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் கலன்டர் 1974இல் எழுதிய ஒரு கட்டுரை, வழக்காடுவோரை இரண்டாகப் பிரித்தது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வருபவர் ஒருவர். திரும்பத் திரும்ப வருபவர் இன்னொருவர். விதிகள் இருவருக்கும் ஒன்றாக இருந்தாலும் திரும்ப வருபவரே மேலோங்குவார், ஏனென்றால் அவர் கற்றுக்கொண்டே வருகிறார் என்றார் அவர். கலன்டர் பேசியது நீதிமன்றத்தைப் பற்றி. மூடிய அறைக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நீதிமன்றத் தீர்ப்பை யாரும் எடுத்துப் படிக்கலாம். தொழில் நீதிமன்றத்தின் தீர்ப்புகளும் வெளியாகின்றன. மத்தியஸ்தச் சட்டமோ அறைக்குள் நடந்த பேச்சு வெளியே போகக் கூடாது என்கிறது. இரண்டு தரப்பையும் அது ஒன்றுபோலவே கட்டுகிறது. ஆனால் அதன் விளைவு ஒன்றுபோல் இல்லை. இருபது அறைகளில் உட்கார்ந்து எழுந்த மேலாளரின் தலையில் இருபது தொகைகள் இருக்கின்றன. முதல்முறை வந்தவரின் தலையில் ஒன்றும் இல்லை. ரகசியம் இருவருக்கும் பொது, நினைவு ஒருவருக்கே சொந்தம்.

தொழில் உறவு இலாகாவின் இணக்கப் பேச்சில் வழக்கறிஞர்கள் யாரும் வரக் கூடாது என்பது விதி. ஏழைக்கு வக்கீல் வைக்க முடியாது, ஆகவே இருவருக்கும் வேண்டாம் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் கம்பெனிக்காக வரும் மேலாளர் சட்டத்தை நாள்தோறும் கையாள்பவராக இருக்கலாம். தொழிலாளிக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? சங்கம் வலுவாக இருந்த காலத்தில் சங்கத்தின் செயலாளர் அந்த நினைவைச் சுமந்து வந்தார். இன்று அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்ல நியாயம் உண்டு. ரகசியம் இல்லையென்றால் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். கம்பெனி ஒரு வெள்ளி கூடக் கொடுக்க அஞ்சும், அடுத்த தோட்டத்துக்காரர் அதையே கேட்பார் என்று. இது உண்மை. தீர்ப்பு என்பதும் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதில்லை. கூட்டரசு நீதிமன்றம் சொல்லி ஆண்டுகள் கடந்தும் இந்திராவின் கடைசிக் குழந்தை தாயின் கைக்கு வந்து சேரவில்லை. தீர்ப்பு வருவதற்கே ஒன்பது வருஷம் ஆனது. எல்லாரையும் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்பவர் இந்த ஒன்பது வருஷத்தை யார் தாங்குவார் என்றும் சொல்ல வேண்டும். என் வாதம் கதவைத் திறந்து வைப்பதற்காக அல்ல. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை, ஊர் பேர் இல்லாமல், கணக்காகவாவது யாரேனும் எழுதி வைக்க வேண்டும் என்பதற்காக.

கல்வித்துறை செய்ய வேண்டியது

இங்கேதான் பேராசிரியரின் வேலை தொடங்குகிறது. மத்தியஸ்தருக்கு நினைவு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அதிகாரிக்கு நேரம் இல்லை. தொழிலாளிக்கு வழி இல்லை. ஆராய்ச்சியாளருக்கு மூன்றும் உண்டு. பெயரும் இடமும் அகற்றிய நூறு ஒப்பந்தங்களைச் சேர்த்து, இத்தனை வருஷ வேலைக்கு இந்த அளவிலிருந்து இந்த அளவுவரை கிடைத்தது, வீட்டுக்கு இத்தனை மாத அவகாசம் கிடைத்தது என்று ஓர் அட்டவணை போட்டால், எந்த ரகசியமும் உடையாது. பெரியம்மாவின் கேள்விக்கு விடை மட்டும் கிடைத்துவிடும்.

இதற்கு வேறு ஊர்ப் பாடத்தை அப்படியே எடுத்துவந்தால் போதாது. ஹார்வர்டின் ரோஜர் பிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் எழுதிய பேச்சுவார்த்தை நூல் உலகெங்கும் இந்தத் துறையின் அரிச்சுவடி. பேச்சு முறிந்தால் உன் கையில் மிச்சமிருப்பது என்ன என்று முதலில் பார், அதுதான் உன் பலம் என்கிறது அந்த நூல். நல்ல பாடம். ஆனால் வீடும் கம்பெனியுடையதாக இருக்கும் ஒருவருக்குப் பேச்சு முறிந்தால் மிச்சம் என்ன? நடுத்தெரு. அவருக்குப் பேசும் கலையைக் கற்பிப்பதைவிட, மிச்சத்தை உண்டாக்கித் தருவதே முதல் உதவி. இதைப் புத்தகம் படிக்காமலே புரிந்துகொண்டவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு ஜனங்கள் தெருவுக்கு வந்தபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்க வைத்தார். தோட்டத்தை விற்பவரிடம் கெஞ்சும் நிலையில் இருந்தவர்களை வாங்குபவர்களாக ஆக்கினார்.

தோட்டத்தைப் பற்றி எழுதிய அறிஞர்கள் நமக்கு இல்லாமல் இல்லை. கெர்னியால் சிங் சந்து 1969இல் மலாயா இந்தியரின் குடியேற்ற வரலாற்றை எழுதினார். சித்தியவானில் பிறந்த பேராசிரியர் பி. ராமசாமி 1994இல் தோட்டத் தொழிலாளர், சங்கம், மூலதனம், அரசு ஆகியவற்றின் உறவை ஆராய்ந்து நூல் செய்தார். அவர்கள் கப்பலையும் கூலியையும் சங்கத்தையும் பதிவு செய்தார்கள். அந்த வரிசையில் அடுத்து எழுதப்பட வேண்டியது, தோட்டங்கள் மூடப்பட்ட அறைகளின் வரலாறு. மலேசியா தென் பிலிப்பீன்ஸின் மிண்டானாவ் அமைதிப் பேச்சில் நடுநின்று 2014இல் ஓர் ஒப்பந்தம் காண உதவிய நாடு. அந்தக் கவனத்தில் ஒரு பங்கு கம்பாருக்கும் பீடோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் கிடைக்க வேண்டும்.

தீர்ப்பு

மூன்று கேள்விகளையும் சேர்த்து எடைபோட்டால் இப்படி வருகிறது. எட்டுவதில் மத்தியஸ்தம் நீதிமன்றத்தை வெல்கிறது. சமமானவர்களுக்கு இடையே, அக்கம்பக்கத்துச் சண்டையில், கோயில் கமிட்டித் தகராறில், குடும்பத்துக்குள், இதைவிட நல்ல வழி நமக்கு இல்லை. வலியவர் எளியவர் நடுவே இது அரை நியாயம்தான் தருகிறது. கீழே சட்டம் ஒரு தளம் போட்டிருக்கும் இடத்தில், பேச்சு முறிந்தால் நீதிமன்றக் கதவு திறக்கும் என்ற உறுதி உள்ள இடத்தில் மட்டும் அது நிற்கும். 2021இன் மாற்றம் அப்படிப்பட்ட ஒரு தளம். லயத்து வீட்டுக்கு அப்படியொரு தளம் இன்னும் இல்லை. அரசமைப்பு உரிமையும் குழந்தையின் மதமும் சமரசத்துக்கு உரியவையே அல்ல. அங்கே மத்தியஸ்தர் தானாக விலகிக்கொள்ள வேண்டும். நினைவைப் பொறுத்தவரை இந்தத் துறை இன்று தோற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அது மத்தியஸ்தத்தின் தலைவிதி அல்ல, கல்வித்துறை எடுத்துச் செய்யாமல் விட்ட வேலை. கூட்டு ஒப்பந்தங்களுக்கு ஒருகாலத்தில் நினைவு இருந்தது என்பதே அதற்குச் சான்று.

ஆகவே பேச்சுத் திறனை மட்டும் கற்றுக்கொண்டு, கம்பெனிகளுக்குப் பயிற்சி நடத்தி, மாநாடுகளில் கட்டுரை படிக்கும் ஒரு வாழ்க்கை என்றால், அதற்கு ஒரு தோட்டத்துப் பிள்ளையின் இருபது வருஷப் படிப்பைக் கொடுக்க வேண்டாம் என்பேன். கங்காணிக்கும் பேச்சுத் திறன் இருந்தது. எந்தப் பிணக்கை மேசைக்குக் கொண்டுவரலாம், எதைக் கூடாது என்று சொல்லும் தைரியமும், யார் மேசையில் இல்லை என்று பார்க்கும் கண்ணும், முடிந்த ஒப்பந்தங்களை எண்ணி எழுதி மலாயிலும் தமிழிலும் வெளியிடும் உழைப்பும் அந்த வாழ்க்கையில் இருக்கும் என்றால், இந்த மாநிலத்துக்கு அதைவிடத் தேவையான படிப்பு அதிகம் இல்லை.

பெரியம்மா அன்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலாளர் எழுந்து கைகொடுத்தார், அவரும் கொடுத்தார். படிக்கட்டில் இறங்கும்போது, “கூடவா குறைச்சலா, ஒண்ணும் தெரியலையேடா” என்றார். அவர் வருந்தியது தொகைக்காக அல்ல. ஏமாந்தோமா இல்லையா என்றே தெரியாமல் மிச்ச நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர் வருத்தம். அவரைப் போல் அடுத்து அந்த அறைக்குள் போகிறவர் அதே கேள்வியைக் கேட்கும்போது, யாருடைய பெயரையும் சொல்லாமல், கணக்கைக் காட்டிப் பதில் சொல்லக்கூடிய ஆளாக ஆவேன் என்று நீ சொன்னால், தம்பி, தங்கச்சி, இதையே படி.